சிவப்பு மீனை விடு

"சத்தம் போடாத சித்தி. இன்னும் பதினோரு மீன் உள்ள மாட்டிக்கிட்டிருக்கு."

"எதுக்குள்ளடி?"

"குமிழிக்குள்ள. தள்ளிக்கோ, மறைக்குது."

அந்த நிமிஷம்தான் எனக்குள் சுரீரென்றது. பதினோரு மீன் மாட்டிக்கொண்டிருக்கிறதா? அந்த விளையாட்டில் எந்த மீனும் மாட்டுவதில்லையே! எனக்குத் தெரியாதா? அதில் பேசுகிற குரலே என்னுடையதுதான்.

பொறுங்கள், முதலிலிருந்து சொல்கிறேன். கோபத்தில் தட்டுவதால் விரல் முந்திக்கொண்டு ஓடுகிறது.

வாலு என் அக்கா மகள். ஒன்பது வயது. வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம், அவளே ஒருமுறை பரீட்சைத் தாளில் பெயருக்குப் பதில் அப்படி எழுதிவிட்டு வந்தாள். அவளுக்குக் கவனக் குறைபாடு இருக்கிறது. நிஜமாகவே இருக்கிறது. "இந்தக் காலத்துப் பிள்ளைங்க எல்லாமே அப்படித்தான்" என்று கையை வீசிவிட்டுப் போகிற ஆள் நானில்லை. பள்ளிப் பேருந்திலிருந்து ஒற்றைச் செருப்போடு இறங்குவாள். இன்னொன்று எங்கே என்று கேட்டால், நம்மோடு சேர்ந்து அவளும் தன் காலை ஆச்சரியமாகப் பார்ப்பாள். பல் தேய்க்கப் போனவள் குழாயைத் திறந்துவிட்டு, பிரஷ்ஷால் சுவரில் படம் போட்டுக்கொண்டிருப்பாள். அக்கா ஒரு நாளைக்கு அவள் பெயரை எத்தனை முறை கூப்பிடுகிறாள் என்று எண்ணினால் எண்ணுகிறவருக்குத் தொண்டை கட்டும்.

டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். காலையில் ஒரு மாத்திரை. அதற்குக் கீழே, அதே எழுத்தில், மாலையில் இருபத்தைந்து நிமிஷம் ஒரு வீடியோ கேம். வாரம் ஐந்து நாள்.

என் சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! சின்ன வயதிலிருந்து கேம் ஆடி ஆடி வாங்காத திட்டில்லை நான். "கண்ணு அவிஞ்சிடும், மூளை மழுங்கிடும்" என்றெல்லாம் கேட்டு வளர்ந்தவள். இப்போது ஒரு டாக்டர் அதை மருந்துச் சீட்டில் எழுதுகிறார்! அதுவும் நான் வேலை பார்க்கிற கம்பெனி செய்தது. தமிழில் மாற்றியது நான், குரல் கொடுத்தது நான். அக்காவுக்கு போன் போட்டு, "உன் பொண்ணுக்கு என்னையே எழுதிக் குடுத்திருக்காங்கடி, ஒரு வேளைக்கு ஒரு சித்தி" என்று கத்தினேன். அக்கா அன்றைக்குச் சிரித்தாள்.

அந்த மருந்துக்குச் சில விதிகள் உண்டு. பிள்ளை தனியாக உட்கார வேண்டும், காதில் ஹெட்போன். பெரியவர்கள் பக்கத்தில் நிற்கக் கூடாது, சொல்லிக்கொடுக்கக் கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. அதனால் ஏழு வாரமாக வாலு அறைக்குள் தனியாக மீன் மருந்து சாப்பிட்டாள், அக்கா கதவுக்கு வெளியே துணி மடித்தாள். வாரக் கடைசியில் கம்பெனியிலிருந்து ஒரு தாள் வரும். நூற்றுக்கு இவ்வளவு என்று.

வாலுவின் எண் இருபத்து மூன்று. முதல் வாரம் இருபத்தாறு, அப்புறம் இருபத்து நாலு, அப்புறம் இதுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் விதியை மீறி உள்ளே போனதற்குக் காரணம் அக்கறை எல்லாம் இல்லை. என் குரலை நான் கேட்க வேண்டும், அவ்வளவுதான், ஆசை. ஹெட்போனின் ஒரு பக்கத்தைப் பிடுங்கி என் காதில் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் அந்தப் பதினோரு மீன்.

திரை முழுக்கக் கடல். அடியிலிருந்து குமிழிகள் எழும்பி வரும், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மீன். என் குரல் சொல்லும்: "பச்சையைப் பிடி!" பச்சை மீனைத் தட்டினால் அது கூடையில் விழும். அப்புறம் நடு நடுவே சிவப்பு வரும். சிவப்பைத் தொடக் கூடாது. தட்டித் தட்டிப் பழகிய கை, சிவப்பு வரும்போது நிற்கிறதா என்பதுதான் கணக்கு. மொத்த வைத்தியமும் அதுதான். கையை நிறுத்தக் கற்றுக்கொள்வது.

"சிவப்பை விடு!" என்றது என் குரல்.

வாலு படாரென்று சிவப்பைத் தட்டினாள். குமிழி உடைந்தது, மீன் வாலை ஆட்டிக்கொண்டு நீந்திப் போனது. அடுத்தது. படார். அடுத்தது. படார். ஒன்றையும் தப்ப விடவில்லை. சுவரில் படம் போடுகிற பிள்ளை, கண்ணைச் சிமிட்டாமல், நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு!

"ஏண்டி சிவப்பத் தட்டுற?"

"நீதானே விடச் சொல்ற?"

"விடுன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"விடுன்னா வெளிய விடுறது. குமிழிக்குள்ள வெறும் காத்துதானே சித்தி இருக்கு? மீனு காத்துல செத்துடும். பச்சைய நாம பிடிச்சுக்கணும், சிவப்ப விட்டுடணும். ஒரு நாள் ஒண்ணு தப்பிப் போயிடுச்சு, குமிழியோடயே மேல போயிடுச்சு. நான் அழுதேன். அம்மாகிட்ட சொல்லாத."

அந்த வரி எனக்கு மனப்பாடம். ஐம்பத்தேழாம் வரி. மொழிபெயர்க்க வேண்டியதைப் படமாகத் தர மாட்டார்கள், பட்டியலாகத் தருவார்கள். இருநூற்றுப் பதினாலு வரி, பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் எத்தனை விநாடிக்குள் பேசி முடிக்க வேண்டும் என்று ஓர் எண். திரையில் என்ன நடக்கிறது என்று காட்டச் சொல்லிக் கேட்டேன், "படம் இன்னும் வரைஞ்சு முடியல" என்றார்கள். முதலில் நான் எழுதியது, "சிவப்பு மீனைத் தொடாதே." திருப்பி அனுப்பினார்கள். ஒன்று, நீளம். இரண்டு, குழந்தையிடம் "செய்யாதே, போகாதே, தொடாதே" என்று பேசவே கூடாதாம், மனசு வாடிவிடுமாம். அதனால் விடு. சின்னச் சொல், இதமான சொல், அரை விநாடியில் முடிந்துவிடும். நானே மெச்சிக்கொண்டேன்.

படம் வரைகிற பையனுக்கும் அதே உபதேசம் போயிருக்கிறது. தப்பாகத் தட்டினாலும் பிள்ளை பயப்படக் கூடாது, அதட்டுகிற சத்தம் கூடாது. அவனும் அழகாக, குமிழி உடைந்து மீன் சந்தோஷமாக நீந்திப் போகிற மாதிரி வரைந்துவிட்டான். என் சொல்லை அவன் பார்க்கவில்லை, அவன் படத்தை நான் பார்க்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தது பிள்ளைகள் மட்டும்தான்.

பட்டம் விடு என்றால் பட்டத்தைத் தொடாமல் இருப்போமா? மூச்சை விடு, காகிதக் கப்பல் விடு, நாயை அவிழ்த்து விடு. பிள்ளைகளுக்கு விடு என்றால் ஒரு வேலை. பெரியவர்களுக்குத்தான் விடு என்றால் சும்மா இருப்பது.

அறையை விட்டு வெளியே வந்தேன். அக்கா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எட்டிப் பாக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு இல்ல? ஏற்கெனவே மார்க்கு பாதாளத்துல கிடக்கு, நீ வேற போய்க் கலைச்சு விடு."

"வர்ற வெள்ளிக்கிழமைக்கு டாக்டர் என்ன சொல்லியிருக்காங்க?"

"ஐம்பதுக்கு மேல வரலன்னா மாத்திரை ரெண்டாக்கிடுவாங்க. ஒண்ணு சாப்பிட்டாலே பசி போயிடுது, மத்தியானச் சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வருது. அப்புறம் அந்த டீச்சர். முன்னேற்றம்னு டாக்டர் கையெழுத்து கொண்டு வரலன்னா, லீவு முடிஞ்சதும் பின்கட்டு ரூமுக்கு, அந்தத் தனி வகுப்புக்கு மாத்திடுவாங்களாம். ஏழு பிள்ளைங்க, ஒரு ஜன்னல். இவ சிநேகிதி ஒருத்திகூட அங்க இல்ல."

எல்லாம் அந்த இருபத்து மூன்றை நம்பி. நான் சொன்ன ஒரு சொல்லை, சொன்னபடி கேட்டதற்குக் கிடைத்த இருபத்து மூன்று.

மறுநாள் காலை ஆபீசில் பையைக்கூட இறக்கி வைக்காமல் அனுமதி சார் முன்னால் போய் நின்றேன். அவர் வேலை மருத்துவ வாரியத்திடம் ஒப்புதல் வாங்குவது; "அனுமதி இல்லாம" என்று தொடங்காமல் அவர் வாயில் ஒரு வாக்கியம் வராது, அதனால் அந்தப் பெயர்.

"சார், ஐம்பத்தேழாம் வரி தப்பு."

"யாரு எழுதினது?"

"நான்தான்."

"அப்ப யாரைப் பாத்து கத்துறீங்க?"

"என்னையும் சேத்துத்தான் சார் கத்துறேன்!"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்திலிருந்த வெள்ளைத் தாளில் குமிழி வரைந்து, மீன் வரைந்து, அம்பு போட்டுக் காட்டினேன். அவர் நல்லவர்தான், கவனமாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"ரெண்டே சொல்லு சார். இப்பவே பேசித் தரேன். மத்தியானத்துக்குள்ள ஏத்திடலாம்."

"விளையாட்டா இருந்தா ஏத்தலாம்மா. இது மருந்து. அனுமதி இல்லாம மருந்துல ஒரு சொட்டு மாத்த முடியாது. திரும்ப சோதனை, திரும்ப வாரியம். எட்டு மாசம், நல்லபடியா போனா."

"தமிழ்ல போட்டப்ப எத்தனை குழந்தைங்கள வச்சு சோதிச்சோம்?"

"அப்ப தேவைப்படல. அது வெறும் குரல் மாத்தம்னு எடுத்துக்கிட்டாங்க."

"போடும்போது வெறும் குரல், எடுக்கும்போது மருந்தா?"

கத்திவிட்டேன். அறை முழுக்க நாற்காலிகள் திரும்பின. படம் வரைகிற பையன் ஹெட்போனில் ஒரு காதைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெல்ல இறக்கிக்கொண்டான்.

"தமிழ்ல எத்தனை பேர் ஆடுறாங்க சார்?"

"அறுநூத்தி நாப்பது." பார்க்காமலே சொன்னார். அப்படியென்றால் அந்த எண்ணை அவர் முன்பே பார்த்திருக்கிறார்.

"எல்லாருக்கும் மார்க் கம்மியா இருக்குமே? ஒருத்தர்கூட ஏன்னு கேக்கலையா?"

"கேட்டாங்க. அறிக்கையில காரணமும் எழுதியாச்சு."

"என்ன காரணம்?"

கண்ணாடி மறுபடி கையில்.

"வீட்டுச் சூழல்."

வீட்டுச் சூழல்! கதவுக்கு வெளியே துணி மடித்துக்கொண்டு, எட்டிக்கூடப் பார்க்காமல், சொன்ன நேரத்துக்குச் சொன்ன மருந்தைக் கொடுத்த என் அக்காவின் வீட்டுச் சூழல். எனக்கு அழுகை வரவில்லை. மேஜை மேலிருந்த காகிதத் துளைப்பானை எடுத்து என் ஓவியத்தில் துளை போட ஆரம்பித்தேன், கை சும்மா இருக்கவில்லை. அவர் அதை என்னிடமிருந்து மெதுவாக வாங்கி வைத்தார். "எழுத்துல குடுங்க, மேல அனுப்புறேன். வெளிய பேசாதீங்க, நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்க" என்றார்.

எழுத்தில் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, ஆபீஸ் முடிந்ததும் நேராக அக்கா வீட்டுக்குப் போய், யோசிக்காமல் ஒரு காரியம் செய்தேன். வாலுவை உட்கார வைத்து, "இனிமே சிவப்பு மீனைத் தொடாத" என்றேன்.

"அப்ப அதை யாரு வெளிய விடுவாங்க?"

"யாரும் விட வேணாம். அதுவா போயிடும்."

"குமிழியோடவா?"

"குமிழியோடதான்."

"செத்துடுமே."

"அது பொம்மை மீனுடி வாலு."

"அப்ப பச்சையும் பொம்மைதானே? அதை மட்டும் ஏன் பிடிக்கணும்?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? "சித்தி சொல்றேன்ல" என்றேன். உலகத்திலேயே மட்டமான பதில். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அன்றைக்கு ஒரு சிவப்பைக்கூடத் தொடவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, பச்சைக்கு மட்டும் ஒரு கையை உருவி எடுத்தாள். வியாழனும் அப்படியே. அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் பாதி கேட்டாள், "மார்க்கு ஏறுமா?" என்றாள். "ஏறும்" என்றேன். "அது போதும்" என்று உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை டாக்டர் அறை. சுவரில் யாரோ பிள்ளை ஒட்டிய நட்சத்திரங்கள், எடை பார்க்கிற இயந்திரம், மூலையில் சக்கரம் உடைந்த ஒரு பொம்மை வண்டி. வாலு வண்டியிடம் போய்விட்டாள். டாக்டரம்மா கணினியைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார், முகமெல்லாம் சிரிப்பு.

"இங்க பாருங்கம்மா! எண்பத்தெட்டு. போன வாரம் இருபத்து மூணு. ரெண்டே நாள்ல செங்குத்தா ஏறியிருக்கு. இத்தனை வருஷத்துல இப்படி ஒரு கோட்ட நான் பாத்ததில்ல. மருந்து பிடிச்சிருச்சு!"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

"மாத்திரை கூட்ட வேணாம் இல்ல டாக்டர்?"

"கூட்டுறதா? அடுத்த தடவை குறைக்கிறதைப் பத்திப் பேசுவோம். ஸ்கூலுக்கு லெட்டர் வேணும்னீங்களே, இப்பவே தரேன். அடுத்த மாசம் எங்க டாக்டர்கள் கூட்டத்துல இந்தக் கேஸை நான் பேசப் போறேன். சந்தேகப்படுறவங்க நிறைய பேர் இருக்காங்க, இதக் காட்டினா போதும்."

பேனா மூடியைத் திறந்தார். அக்கா மேஜைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள். கிள்ளு என்றால் கிள்ளு, இன்னும் நீலமாக இருக்கிறது. வாயைத் திறக்காதே என்று அர்த்தம். நான் திறக்கவில்லை. உண்மையாகச் சொல்கிறேன், பத்து விநாடி நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் பிள்ளை தப்பித்தாள், இறங்கிப் போய்விடலாம். ஆனால் "இதக் காட்டினா போதும்" என்றாரே, அதுதான் தாங்கவில்லை. இதைக் காட்டி இன்னும் எத்தனை பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுப்பார்கள்!

"டாக்டர், அந்த இருபத்து மூணும் பொய், எண்பத்தெட்டும் பொய்."

"என்னம்மா சொல்றீங்க?"

"அவ மாறல டாக்டர். நான் ஒரு சொல்லை மாத்திச் சொன்னேன், அவ்வளவுதான்."

சொல்லி முடிக்கும்வரை டாக்டர் நம்பவில்லை. நான் கம்பெனி மேல் ஏதோ கோபத்தில் உளறுகிறேன் என்றே நினைத்தார். அவர் பழகிப் பார்த்தது மூல மொழியில், தமிழில் ஒரு நாள்கூட ஆடியதில்லை. கடைசியில் வண்டிப் பக்கம் திரும்பினார்.

"செல்லம், இங்க வா. சிவப்பு மீனைப் பாத்தா நீ என்ன பண்ணுவ?"

"முன்னாடி வெளிய விட்டேன். அம்பதாயிரம் மீன் விட்டிருப்பேன். இப்ப விடுறதில்ல."

"ஏன்?"

"சித்தி வேணாம்னு சொல்லிட்டா." என்னைப் பார்க்காமலே சொன்னாள். "நீங்களாவது சொல்லுங்களேன். அதெல்லாம் உள்ளயே இருக்கு."

டாக்டர் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. கணினியைத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு பெயராகத் திறந்தார். அவரிடம் மட்டும் தமிழில் ஆடுகிற பிள்ளைகள் பதினோரு பேர். இருபத்தொன்று, பத்தொன்பது, இருபத்தாறு, இருபத்து மூன்று. எல்லோருக்கும் நேராக ஒரே வரி: "அவசரப்பட்டுத் தட்டுகிறது." அதே வயதில் வேறு மொழியில் ஆடுகிறவர்கள் நாற்பது, எழுபது, முப்பது என்று கலந்து கிடந்தார்கள்.

"இதுல மூணு பேருக்கு நான் மாத்திரையைக் கூட்டியிருக்கேன்" என்றார். எங்களிடம் சொல்கிற மாதிரி இல்லை.

அப்புறம் பேனாவை மூடினார்.

"அவங்க மூணு பேரையும் நான் இன்னைக்கே கூப்பிடுறேன். கம்பெனிக்கும் எழுதுறேன். ஆனா உங்க விஷயம்... நீங்களே சொல்லிட்டீங்க, ரெண்டு எண்ணும் பொய்னு. எதை வச்சு நான் முன்னேற்றம்னு எழுதட்டும்? மாத்திரை இப்ப இருக்கிறபடியே இருக்கட்டும். வேற முறையில திரும்பப் பரிசோதிக்கணும். வரிசைப்படி ரெண்டு மாசம் ஆகும்."

"ஸ்கூல் லெட்டர்?" என்றாள் அக்கா.

டாக்டர் தலையை ஆட்டினார். இல்லை என்று.

வெளியே நடைக்கூடத்தில், மருந்து வாங்குகிற வரிசைக்குப் பக்கத்தில், அக்கா என்னைப் பிடித்து நிறுத்தினாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"கையில பேனா இருந்துச்சுடி. மூடியைத் திறந்துட்டாங்க. ஒரே ஒரு நிமிஷம் உன் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா?"

"அக்கா, மத்த பிள்ளைங்க..."

"மத்த பிள்ளைங்களுக்கு மத்த சித்தி இருப்பாங்க. என் பிள்ளைக்கு நீ ஒருத்திதானே இருந்த? தப்பா எழுதினதும் நீ. திருத்துறேன்னு சொல்லி மாட்டி விட்டதும் நீ. பின்கட்டு ரூமுக்குப் போகப் போறது அவ."

"நான் டீச்சர்கிட்ட வந்து பேசுறேன்."

"நீ இனிமே எங்கயும் வந்து பேசாத."

வாலுவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வாலு இரண்டு செருப்பும் போட்டிருந்தாள், எதையும் மறக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

நான் செய்தது தப்பென்று அக்கா சொல்வதை என்னால் மறுக்க முடியவில்லை. அதனால் எனக்கு அவள்மேல் கோபமில்லை. என் கோபம் எங்கே போய் நிற்கிறது என்று கேளுங்கள்.

திங்கட்கிழமை ஆபீசில் எனக்கு ஒரு வேலை வந்தது. ஒரு விளம்பரத் துண்டறிக்கை. அவசரம், இரண்டு நாளில் தமிழில் வேண்டும், ஒலிவடிவமும் வேண்டும், "குழந்தைகளுக்குப் பழகிய அதே குரலில்." திறந்தேன். பெயரில்லாத ஒரு கோடு. இருபத்து மூன்றிலிருந்து செங்குத்தாக எண்பத்தெட்டு. மேலே தலைப்பு: "இரண்டே நாளில் ஒரு சிறுமியின் திருப்பம்."

வாலுவின் கோடு. கம்பெனிக் கணினி தானாகவே பொறுக்கி எடுத்திருக்கிறது. நான் எழுத்தில் கொடுத்த புகார் எந்த மேஜையிலோ அனுமதிக்காகக் காத்திருக்கிறது. அந்தக் கோட்டுக்கு மட்டும் அதற்குள் அனுமதி கிடைத்துவிட்டது! அனுமதி சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்தார். "இது விளம்பரப் பிரிவும்மா, என்கிட்ட வராது" என்றார். கண்ணாடியைத் துடைக்கவில்லை, அப்படியே மேஜையில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

மொழிபெயர்க்க மாட்டேன் என்று எழுதி அனுப்பிவிட்டேன். வேறு யாராவது செய்வார்கள். வெளியே பேசக் கூடாது என்று போட்ட கையெழுத்தும் என் ஞாபகத்தில் இருக்கிறது, இதைத் தட்டி முடித்ததும் அதற்கு என்ன ஆகும் என்றும் தெரியும். ஆகட்டும்.

எனக்கு கேம் மேல் கோபமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த விளையாட்டு வேலை செய்யக்கூடும் என்று நான் இன்னமும் நம்புகிறேன். கண்ணைச் சிமிட்டாமல் அவள் உட்கார்ந்திருந்ததை என் கண்ணால் பார்த்தேனே! பிள்ளை சொன்னதைக் கேட்டாள். நாங்கள்தான் ஒன்றைச் சொல்லிவிட்டு இன்னொன்றை அளந்தோம், அளந்துவிட்டு வீட்டைக் குறை சொன்னோம்.

இப்போது என்னிடம் ஒலிப்பதிவு ஒன்று இருக்கிறது. அதே மீன் குரலில், வீட்டிலேயே பேசி வைத்திருக்கிறேன்: "சிவப்பு மீனைத் தொடாதே செல்லம், அது பத்திரமா போயிடும்." பெற்றோர் குழுக்களில் போட்டால் ஒரே நாளில் அந்த அறுநூற்று நாற்பது வீட்டுக்கும் போய்ச் சேரும். போட்டால் எந்தப் பிள்ளைக்கும் மாத்திரையைக் கூட்ட மாட்டார்கள். ஆனால் அறுநூற்று நாற்பது கோடுகள் ஒரே வாரத்தில் செங்குத்தாக ஏறும். கம்பெனி அத்தனையையும் அச்சடித்து, மருந்து பிடித்துவிட்டது என்று ஊரெல்லாம் ஒட்டும், பழைய தப்பு அதற்கடியில் புதைந்தே போகும். போடாமல் வாரியத்தின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தால் உண்மை ஒருநாள் வெளியே வரும். அதுவரை பிள்ளைகள் மீனை விடுவார்கள், டாக்டர்கள் மாத்திரையைக் கூட்டுவார்கள்.

விரல் பொத்தான் மேல்தான் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இந்த மருந்தைச் சாப்பிடுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் இந்த ஒலிப்பதிவை இப்போதே அனுப்பவா, வேண்டாமா? என்ன நினைக்கிறீர்கள், சீக்கிரம் சொல்லுங்களேன்?